கிராபிக்ஸ் காட் வாங்க முன்னம்: வன்னியிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களிலிருந்து கொம்பியூட்டர் வேகம் பற்றி என்னிடம் வருகிற கேள்விகளை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். கேள்விகள் ஏறக்குறைய கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. விலை எதுவும் இதில் இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறின பிறகு, எழுதி வைத்த விலைக்குப் பெறுமதி இல்லாமல் போய்விட்டது.

அண்ணை, என்ரை கொம்பியூட்டர் சரியான ஸ்லோ. கிராபிக்ஸ் காட் ஒண்டு போட்டால் சரிவருமோ?

பெரும்பாலும் வராது. "ஸ்லோ" என்று தூக்கிக்கொண்டு வருகிற மெசின்களில் கனக்க இன்னமும் சுழலும் ஹாட் டிஸ்கில் ஓடுபவை. அது ஒரே தொடராக இருக்கிற கோப்பைக்கூட செக்கனுக்கு 100 - 150 மெகாபைட்தான் வாசிக்கும். விண்டோஸ் திறக்கும்போது தேடுகிற ஆயிரம் சின்னக் கோப்புகளுக்கு ஒரு மெகாபைட்டுக்கே திணறும். சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கிற டிஸ்க்) 500ஐத் தாண்டும், சின்னக் கோப்புகளிலும் சளைக்காது. இந்த வித்தியாசத்தை எந்தக் கிராபிக்ஸ் காட்டும் தரப்போவதில்லை.

மெசின் இழுக்கிற அந்த நேரத்திலேயே டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கள் (லினக்ஸ் என்றால் சிஸ்டம் மொனிட்டர்). டிஸ்க் 100 வீதத்தில் நிற்கிறதா? எஸ்எஸ்டி. மெமரி நிரம்பி வழிகிறதா? ராம். சிபியு (மெசினின் மையச் செயலி) மட்டும் 100 வீதத்தில் நின்று மற்றவை சும்மா இருந்தால்தான், அதன் வேலையை ஒரு தனி வன்பொருளுக்கு, அதாவது முடுக்கிக்கு, கொடுப்பது பற்றிக் கீழே உள்ள பதில்கள் உங்களுக்கு.

தனி வன்பொருள், முடுக்கி எண்டு சொல்லுறீங்கள். அது என்ன?

ஒரே ஒரு வகை வேலைக்கென்றே செய்த மின்சுற்று. சிபியு எந்த வேலையையும் செய்யும், ஆனால் ஒவ்வொன்றையும் கட்டளை கட்டளையாக வாசித்துத்தான் செய்யும். முடுக்கியில் அந்த வேலையின் வழி சிலிக்கனிலேயே போடப்பட்டிருக்கும். நெல் வெட்டுகிற மெசின் ஒரு ஏக்கரை வெட்டி முடிக்கிற வேகத்துக்கு எத்தனை பேர் இறங்கினாலும் நிற்க ஏலாது. ஆனால் அதைக் கொண்டு கத்தரித் தோட்டத்துக்குள் போக முடியாது. அப்படித்தான் இதுவும்.

புதிய விசயமும் இல்லை. 1980இலேயே இன்ரெல் 8087 என்று தசமக் கணக்குக்கென்று ஒரு தனிச் சிப்பை விற்றது. மதர்போட்டில் அதற்கென்று ஒரு வெற்றுக் குழி இருக்கும், வசதியுள்ளவர் வாங்கிச் செருகுவார். பிறகு அந்த வேலை சிபியுவுக்குள்ளேயே போய்விட்டது. 1999இல் என்விடியா ஜீஃபோர்ஸ் 256 காட்டை "ஜிபியு" (கிராபிக்ஸ் செயலி) என்ற பெயரில் விற்றது. 2007இல் கூடா என்ற என்விடியாவின் மென்பொருள் வந்தபிறகு அதே காட்டில் விளையாட்டல்லாத கணக்கையும் ஓட்டத் தொடங்கினார்கள். 2012இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் அலெக்ஸ்நெட் என்ற ஏஐ மாதிரி வென்றது இரண்டு ஜிடிஎக்ஸ் 580 காட்டில் பயிற்றப்பட்டு. இண்டைக்கு ஏஐ என்று நாங்கள் பார்க்கிற எல்லாமே அந்த வழியில் வந்ததுதான்.

எங்கட பழைய மெசினுக்குள்ள அப்பிடி ஏதும் இருக்கோ?

இருக்கும், தெரியாமலே இருக்கும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருகிற முக்கியமான விசயமே இதுதான்: புதிதாக வாங்க முன்னம் உள்ளே கிடப்பதைப் பாருங்கள், அதை எழுப்ப வேண்டியது மென்பொருள், அந்த மென்பொருள் பெரும்பாலும் இலவசம்.

2011இல் வந்த இன்ரெல் இரண்டாம் தலைமுறையிலிருந்து குயிக் சிங்க் என்ற வீடியோச் சுற்று சிபியுவோடு சேர்ந்து வருகிறது. எச்.264 வீடியோவைத் திறக்கவும் சுருக்கவும் அதற்குத் தெரியும் (எச்.264, எச்.265, ஏவி1 எல்லாம் வீடியோவைச் சுருக்குகிற முறைகள்). எச்.265ஐத் திறக்க 6ஆம் தலைமுறை வேண்டும், அதன் 10 பிட் வகைக்கு 7, ஏவி1க்கு 11. குறியாக்கத்துக்கு 2010 முதல் ஏஈஎஸ் கட்டளைகள் வரத் தொடங்கின. முழு டிஸ்கையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டினாலும் நீங்கள் வேக வித்தியாசத்தை உணராமல் இருப்பது அதனால்தான். 4ஆம் தலைமுறையில் ஏவிஎக்ஸ்2 வந்தது: ஒரே கட்டளையில் எட்டு எண்களைச் சேர்த்துப் பெருக்கும். ஸ்கான் பண்ணின கடிதத்திலிருந்து எழுத்தைப் பிடிக்கிற டெசராக்ட் அதைத் தானாகவே பயன்படுத்திக்கொள்ளும்; தமிழையும் வாசிக்கும்.

எது இருக்கிறது என்று பார்க்க லினக்ஸில் விஏ-இன்ஃபோ என்ற சின்ன நிரல் போதும். எந்த வீடியோ வகையைத் திறக்கலாம், எதைச் சுருக்கலாம் என்று வரிவரியாகக் காட்டும். ஒரு வரியும் வராவிட்டால் சிப் செத்துவிட்டது என்று பயப்படாதீர்கள், பெரும்பாலும் டிரைவர் (வன்பொருளை இயக்குகிற மென்பொருள்) இல்லை என்றுதான் அர்த்தம். 4ஆம் தலைமுறையும் அதற்கு முந்தினதும் என்றால் ஐ965 டிரைவர், 5இலிருந்து ஐஎச்டி.

வற்றாப்பளைப் பொங்கலை நேரலை போட்டனாங்கள். படம் விட்டு விட்டு வந்தது எண்டு கனடாவில இருக்கிற ஆக்கள் பேசினவை. லப்டொப் 4ஆம் தலைமுறை ஐ5. புதுசு வாங்கவோ?

இந்தக் கேள்வி அந்த அம்மன் கோயில் பொங்கல் வருகிற வைகாசியில் மட்டும் இல்லை, ஒவ்வொரு கோயில் திருவிழாவுக்கும் வரும். கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

நேரலைக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ பாவிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இலவசம், திறந்த மூலம் (நிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம்), அதைவிட நல்லது தேடத் தேவையில்லை. அதில் "ஸ்டாட்ஸ்" என்றொரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் இரண்டு எண்களைத் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். ஒன்று, சுருக்க நேரம் போதாமல் தவறிய படங்கள். மற்றது, இணையத்தில் ஏற்ற முடியாமல் விட்ட படங்கள். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரி விக்கலாகத்தான் தெரியும், ஆனால் மருந்து வேறு.

இரண்டாவது எண் ஏறினால் லப்டொப்பைப் பேசிப் பிரயோசனம் இல்லை. பொங்கல் இரவில் அந்த வெளியில் நிற்கிற அத்தனை சனமும் ஒரே டவரில்தான் தொங்குகிறது. நேரத்தோடு கம்பி வழி இணைப்புள்ள பக்கத்து வீடு ஒன்றைப் பிடியுங்கள், அல்லது 720பிக்கு இறக்கி, 1500 கிலோபிட்டில் விடுங்கள்.

முதல் எண் ஏறினால் சிபியு திணறுகிறது. ஓபிஎஸ் பெரும்பாலும் எக்ஸ்264 என்ற மென்பொருள் சுருக்கியில்தான் நிற்கும். அது சிபியுவின் எல்லாக் கோரையும் சாப்பிடும். அவுட்புட் பக்கத்தில் அதை மாற்றி, விண்டோஸ் என்றால் குயிக் சிங்க், லினக்ஸ் என்றால் விஏ-ஏபிஐ என்பதைத் தெரிவு செய்யுங்கள். உங்கள் 4ஆம் தலைமுறையில் அந்தச் சுற்று இருக்கிறது. சிபியு வேலை சடாரென்று இறங்கும், ஃபான் சத்தம் அடங்கும். டெபியன், உபுண்டுவில் ஒரு சிக்கல்: ஐ965 டிரைவரின் சாதாரணப் பொதியில் சுருக்கத்துக்குத் தேவையான சில துண்டுகள் இல்லை, "சேடர்ஸ்" என்று முடிகிற மற்றப் பொதியைப் போடவேண்டும். அதைப் போடாமல் "லினக்ஸில் இது வேலை செய்யாது" என்று விட்டவர்கள் கனபேர்.

ஒரு உண்மையையும் சொல்லவேண்டும். அதே கிலோபிட்டில் பழைய குயிக் சிங்க் தருகிற படம் எக்ஸ்264 தருவதைவிடக் கொஞ்சம் மங்கல்தான். அது எங்கே தெரியும் என்றால் பொங்கல் பானைப் புகையிலும் காவடி ஆட்டத்திலும். புகை ஒவ்வொரு செக்கனும் முழுதாக மாறுகிறது, சுருக்கியால் "முந்தின படத்தைப் போலவே" என்று எழுதித் தப்ப முடியாது. இருட்டில் கமராவின் கெயினை (படத்தை வெளிச்சமாக்கிக் காட்டுகிற அமைப்பை) கூட்டினால் வருகிற புள்ளிப் புள்ளி இரைச்சலும் அப்படியே. உப்புநீர் விளக்கைக் காட்டும்போது கெயினைக் குறைத்துப் பக்கத்தில் ஒரு எல்ஈடி லைற் வைப்பது, புது லப்டொப்பைவிடப் படத்தைத் துப்புரவாக்கும். கீஃபிரேம் (முழுதாக அனுப்புகிற படம்) இடைவெளியை 2 செக்கனில் வையுங்கள், பிட்ரேற்றை மாறாத வகையில் வையுங்கள். இதெல்லாம் செய்தும் போதாவிட்டால் பிறகு வாங்குவதைப் பற்றிக் கதைப்போம்.

யூரியூப் பாக்கேக்க ஃபான் கத்துது. என்ன செய்யலாம்?

யூரியூப் விபி9, ஏவி1 வகைகளைத்தான் முதலில் அனுப்பும். பழைய சிப்புக்கு அவை தெரியாது, ஆகவே சிபியு மூச்சு வாங்குகிறது. பிரவுசரில் எச்264-இஃபை என்ற சின்ன நீட்சியைப் போட்டால் எச்.264ஐயே கேட்டு வாங்கும். 1080பிக்கு மேல் கிடைக்காது. உங்கள் திரைக்கு அது போதும். லினக்ஸில் ஃபயர்ஃபொக்ஸ் 115இலிருந்து இன்ரெல் கிராபிக்ஸுக்கு வன்பொருள் திறப்பு தானாகவே இயங்கும்.

திறந்த மூல மென்பொருளுக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

வன்பொருளை எழுப்புவது டிரைவர். அதைச் செய்த கொம்பனி ஒரு நாள் "இந்தக் காட்டுக்கு இனி இல்லை" என்று கைகழுவும். அடுத்த விண்டோஸில், லினக்ஸின் அடுத்த கேர்னலில் (அதன் உள்மையத்தில்), அந்தக் காட் வெறும் தகடு. திறந்த டிரைவர் என்றால் வேறு யாராவது அதைத் தொடர்ந்து பார்க்கலாம். மேசா என்ற கிராபிக்ஸ் நூலகத்தைப் பிரையன் போல் 1993இல் தனியாளாகத் தொடங்கினார். இண்டைக்கு லினக்ஸில் இன்ரெல், ஏஎம்டி காட்கள் அதில்தான் ஓடுகின்றன, பத்து வருசத்துக்கு மேற்பட்ட காட்களும் சேர்த்து. என்விடியா நெடுங்காலம் கதவைப் பூட்டி வைத்திருந்து, 2022 மே மாதத்தில்தான் கேர்னல் பகுதியை மட்டும் திறந்தது. அதுவும் புதிய காட்களுக்கு.

திறந்தது என்றால் என்றென்றைக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். முப்பரிமாணப் படம் செய்கிற பிளெண்டர் திறந்த மூலம்தான், ஆனால் 2021 மார்கழியில் வந்த 3.0 பதிப்பில், காட்டில் கணக்கை ஓட்டுகிற ஓபன்சிஎல் வழியைத் தூக்கிவிட்டார்கள். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 காட் வைத்திருந்த பெடியள் அப்போதுதான் தலையில் கைவைத்தார்கள், ஏனென்றால் புதிய வழி அந்தக் காட்டுக்கு வரவில்லை. 2.93 பதிப்பு இப்போதும் எடுக்கலாம், அதில் ஓடும். பழைய பதிப்பு காணாமல் போவதில்லை என்பதும் திறந்த மூலத்தின் ஒரு நன்மை.

கொழும்பில இருந்து செகண்ட் ஹாண்ட் ஆர்எக்ஸ் 580 ஒண்டு மலிவா வருது. எடுக்கலாமோ?

2022 செப்டெம்பர் 15ஆம் திகதி எதீரியம் என்ற டிஜிற்றல் நாணயம், காட்களால் தோண்டுகிற (கணக்குப் போட்டு நாணயம் சம்பாதிக்கிற) முறையைக் கைவிட்டது. உலகம் முழுக்க இரவு பகலாகத் தோண்டின காட்கள் ஒரேயடியாகச் சந்தைக்கு வந்தன. மலிவின் காரணம் அதுதான். தோண்டின காட் எல்லாம் பழுதும் இல்லை. ஒரே சீரான சூட்டில் ஓடினது, சூடாகி ஆறிச் சூடாகி ஆறின காட்டைவிடச் சிலவேளை நல்லாக இருக்கும். ஃபானும் தெர்மல் பேஸ்டும் போயிருக்கும், அவற்றை மாற்றலாம். காட்டின் உயிர் மெமரிச் சிப்களில், அதை மாற்ற ஏலாது. ஆகவே ஒரு மணித்தியாலமாவது முழு வேலை கொடுத்து ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

ஏமாற்றுக்கும் குறைவில்லை. ஆர்எக்ஸ் 580இல் 2304 கணக்கலகுகள் இருக்கவேண்டும். 2048 உள்ள ஒரு வகையும் அதே பெயரில் உலாவுகிறது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று ஒட்டி, உள்ளே பழைய 550 டிஐ சிப்பை வைத்து, காட்டின் உள்நிரலான பயோஸை மாற்றி விற்பதும் உண்டு. அந்தக் காட்டில் பழைய நீல விஜிஏ சொக்கெற் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள், உண்மையான 1050 டிஐ தலைமுறை என்விடியாச் சிப் விஜிஏவுக்கு நேராகச் சிக்னல் தருவதில்லை. லினக்ஸ் பென் டிறைவ் ஒன்றில் ஏற்றிப் பார்த்தால் சிப்பின் உண்மைப் பெயர் வரும்: ஜிபி107 என்றால் சரி, ஜிஎஃப்116 என்றால் கிளம்பி வாருங்கள்.

கடைசியாக பவர் சப்ளை. ஆர்எக்ஸ் 580 மட்டும் 185 வாட் கேட்கும். கேஸோடு சும்மா வந்த "450 வாட்" பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கிற லேபலை வாசியுங்கள். 12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை அம்பியர் போட்டிருக்கிறது? 14 என்றால், 12ஆல் பெருக்க 168 வாட். காட்டுக்கே காணாது, பிறகு சிபியு எங்கே போகும்? அப்படியான பெட்டி என்றால் 75 வாட்டுக்குள் அடங்குகிற 1050 டிஐ, 1650 போன்றவைதான் பொருத்தம். அவற்றில் தனி வயர் கேட்காத மொடல்களும் கிடைக்கும்.

சாட்ஜிபிடி மாதிரி ஒண்டை இணையம் இல்லாமல் வீட்டு மெசினில ஓட்டலாமோ?

ஓட்டலாம், சின்னதாக. 2023 மார்ச்சில் ஜோர்ஜி கெர்கனோவ் லாமா.சிபிபி என்ற திறந்த நிரலை வெளியிட்ட பிறகு சாதாரண லப்டொப்பிலும் மொழி மாதிரிகள் ஓடுகின்றன. வேகத்தைத் தீர்மானிப்பது சிபியு அல்ல, மெமரியின் அகலம், அதாவது செக்கனுக்கு எவ்வளவு வாசிக்கலாம் என்பது. கணக்கு லேசு. 700 கோடி அளவுருக்கள் உள்ள மாதிரியை 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறக்குறைய 4 ஜிபி. ஒவ்வொரு சொல்துண்டுக்கும் அந்த 4 ஜிபியையும் ஒருதரம் வாசிக்கவேண்டும். டிடிஆர்4 2400 ராம் ஒன்று மட்டும் இருந்தால் செக்கனுக்கு 19 ஜிபி, அதாவது செக்கனுக்கு ஐந்து துண்டைத் தாண்டாது. அதே போல இன்னொன்றை மற்றக் குழியில் போட்டால் 38, பத்துத் துண்டை எட்டிப் பார்க்கும். ஆர்எக்ஸ் 580இன் மெமரி செக்கனுக்கு 256 ஜிபி வாசிக்கும். நடைமுறையில் எல்லாமே இதற்குக் கீழேதான் வரும், ஆனால் விகிதம் இதுதான். அந்தக் காட்டுக்கு ஏஎம்டியின் ஆர்ஓசிஎம் (காட்டில் ஏஐ கணக்கை ஓட்டுகிற மென்பொருள்) ஆதரவு இப்போது இல்லை, லாமா.சிபிபியின் வல்கன் என்ற பொதுவான கிராபிக்ஸ் வழியில் ஓடும்.

ஒற்றை ராமோடு விற்கிற லப்டொப்களில் இரண்டாவது ராம் போடுவது இதற்காக மட்டுமில்லை, உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்கும் அதே மெமரிதான் என்பதால் அதுவும் துள்ளும். தமிழில் கேட்டால் பதில் இன்னும் மெதுவாக வரும். கனக்க மாதிரிகள் ஒரு தமிழ்ச் சொல்லைப் பல துண்டாக வெட்டுகின்றன.

வயலுக்கு யானை வந்தால் போனுக்கு மெசேஜ் வாற மாதிரி கமரா பூட்டலாமோ?

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வருகிற கேள்வி. ஃபிரிகேட் என்ற திறந்த மூல மென்பொருள் சிசிரிவி படத்தில் என்ன நிற்கிறது என்று பார்க்கும். இவ்வகை மாதிரிகள் பெரும்பாலும் பயிற்றப்பட்ட கோகோ படத்தொகுப்பில் 80 வகைப் பொருட்கள் உண்டு. யானை அதில் ஒன்று, மாடும் ஒன்று. கட்டாக்காலி மாட்டுக்கெல்லாம் அலாரம் அடிக்காமல் இருக்க அது உதவும். இதற்குத் தனிக் காட் தேவையில்லை. 6ஆம் தலைமுறை இன்ரெல் தொடக்கம் உள்ளே இருக்கிற கிராபிக்ஸையே இன்ரெலின் ஓபன்வினோ மென்பொருள் வழியாகப் பாவிக்கலாம்.

ஆனால் அந்தத் தொகுப்பின் யானைகள் அதிகம் பகல் வெளிச்சத்தில் நிற்பவை. உங்களுக்கு வருகிற யானை இரவு ஒரு மணிக்கு, இன்ஃப்ராரெட் கமராவின் சாம்பல் படத்தில், பற்றைக்குள் பாதி மறைந்து நிற்கும். பிடிக்கும், தவறவும் விடும். காவல் கொட்டிலில் ஆள் படுக்கிறதை இதை நம்பி நிறுத்த வேண்டாம்.

ட்ரோனில எடுத்த வயல் படங்களை ஒண்டாக்க ராத்திரி முழுக்க எடுக்குது. காட் போட்டால் 20 மடங்கு எண்டு சொல்லுகினம்.

ஓபன் ட்ரோன் மப் என்று நினைக்கிறேன். அதில் படங்களில் பொருத்தப் புள்ளி தேடுவது போன்ற சில பகுதிகளைத்தான் காட் செய்யும், எல்லாவற்றையும் அல்ல. உதாரணத்துக்கு 10 மணித்தியால வேலையில் 6 மணித்தியாலத்தை மட்டும் காட் 20 மடங்கு வேகமாக்குகிறது என்று வையுங்கள். 6 மணித்தியாலம் 18 நிமிடமாகும். மற்ற 4 அப்படியே கிடக்கும். மொத்தம் 4 மணி 18 நிமிடம், அதாவது இரண்டேகால் மடங்கும் சொச்சமும். காட் முடிவில்லாத வேகமாக இருந்தாலும் இரண்டரையைத் தாண்டாது. ஜீன் அம்டால் 1967இல் சொன்ன கணக்கு இது, இன்னும் யாரும் அதைத் தாண்டவில்லை. இந்த மென்பொருளுக்கு முதலில் ராமைக் கூட்டுங்கள். பாதி வழியில் செத்துப் போய்த் திரும்பத் தொடங்குவதுதான் உங்கள் இரவைத் தின்கிறது.

சோளகம் தொடங்கினால் மெசின் தானாக நிக்குது.

செம்மண் தூசி. வெப்பத்தட்டில் அடைத்து, சிப் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைக்கிறது, பிறகு நிற்கிறது. ஃபானைக் கையால் பிடித்துக்கொண்டு புளோவரால் ஊதுங்கள், பேஸ்டை மாற்றுங்கள். ஓவர்குளொக் செய்தவர்கள் (சிப்பைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓடவிட்டவர்கள்) அதை அந்த மாதங்களில் எடுத்துவிடுவது நல்லது.

விண்டோஸ் 10 முடிஞ்சுது எண்டுகினம். மெசினை எறியவோ?

2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவாக நின்றன. எறிய வேண்டாம். எஸ்எஸ்டியும் 8 ஜிபி ராமும் போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றுங்கள். 4 ஜிபிதான் என்றால் இசட்ராமை இயக்குங்கள். நிரம்பின மெமரியை டிஸ்குக்குத் தள்ளாமல் ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும்.

அறிவியல் நகரில படிக்கிறன். நானே ஒரு முடுக்கி செய்து பாக்கலாமோ?

தாராளமாக. எஃப்பிஜிஏ என்பது நீங்கள் எழுதுகிற சுற்றாகத் தன்னை மாற்றிக்கொள்கிற சிப். முதலாவதை 1985இல் சைலிங்ஸ் விற்றது. முன்பு கொம்பனி தருகிற பல ஜிபி மென்பொருள் இல்லாமல் அதைத் தொட முடியாது. 2015இல் ஐஸ்ஸ்டோர்ம் திட்டம் லற்றிஸ் ஐஸ்40 சிப்பின் உள் அமைப்பைக் கண்டுபிடித்து வெளியிட்ட பிறகு, யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் என்ற இரண்டு திறந்த நிரல்களையும் கொண்டு பழைய லப்டொப்பிலேயே முழு வேலையும் செய்யலாம்.

போர்ட் வாங்கக் காசில்லையா? தேவையில்லை. சுற்றை வெரிலொக் என்ற மொழியில் எழுதி, வெரிலேற்றர் என்ற நிரலில் ஓட்டி, அலைவடிவத்தை ஜிடிகே-வேவ் என்ற நிரலில் பாருங்கள். படிப்பில் முக்கால் பங்கு அங்கேதான் நடக்கும். இரண்டு சின்ன அணிகளைப் பெருக்குகிற சுற்று நல்ல தொடக்கம்: முதலில் ஒரே பெருக்கியை வைத்து, பிறகு நாலு வைத்து, எத்தனை கடிகாரத் துடிப்பில் முடிகிறது என்று எண்ணுங்கள். நாலு பெருக்கி போட்டும் நாலு மடங்கு வராது, எண்களை உள்ளே கொண்டுவருகிற வழி அடைக்கும். அங்கே நின்று யோசிக்கத் தொடங்கினால் ஜிபியுக்காரர்கள் ஏன் மெமரிக்கு இவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று விளங்கும். போர்ட் ஒன்று கைக்கு வந்தபிறகு, ஐஸ்40 எச்எக்ஸ்1கேயில் இருக்கிற 1280 தருக்க அலகுகளுக்குள் செர்வ் என்ற குட்டி ரிஸ்க்-ஃபைவ் (திறந்த சிபியு வடிவமைப்பு) கோரை ஏற்றி, உங்கள் பெருக்கியை அதோடு கோத்துப் பாருங்கள்.

நாங்கள் கொமினிகேசன் வச்சிருக்கிறம். ரைப்பிங், போட்டோக் கொப்பி, பிறப்புச் சான்றிதழ் போம் நிரப்புறது. இதில எது எங்களுக்கு வேணும்?

எஸ்எஸ்டியும் யூபிஎஸ்ஸும். மற்றது ஒன்றும் வேண்டாம்.